டான்யூப் கரையில் ஒரு பகல்

டான்யூப் நதி ஜெர்மனியின் தென்மேற்கே தோன்றி, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. அந்நதியில் பயணக் கப்பலொன்றில் சென்ற எங்களை ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ரேகன்ஸ்பர்க் என்னும் பழம்பெரும் நகரில் இறக்கிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டளை.

கரையேறியதும் கண்ணைக் கவர்வது கற்பாலம். 1135-இல் தொடங்கி 1146-இல் முடித்தார்களாம். தடித்த தூண்களுக்கிடையே நீர் சீறிப் பாய்கிறது. பெரிய கப்பல்கள் இதன் கீழே செல்ல இயலாது; அவற்றுக்கெனத் தனிக் கால்வாய் உண்டு. பாலம் கட்டிய கொத்தனாரும் பேராலயம் கட்டிய கொத்தனாரும் பந்தயம் கட்டினார்கள் என்றும், பாலக் கொத்தனார் சாத்தானின் உதவியை நாடினார் என்றும் ஒரு கதை. பாலத்தை முதலில் கடக்கும் மூன்று உயிர்கள் தனக்கே என்றதாம் சாத்தான். கொத்தனாரோ ஒரு சேவல், ஒரு கோழி, ஒரு நாய் ஆகியவற்றை விரட்டிவிட்டாராம்! உண்மையில், பாலம் முடிந்து நூறாண்டுக்குப் பின்னரே இன்றைய பேராலயத்தின் வேலை தொடங்கிற்று.

கி.பி. 179-இல் ரோமர் கட்டிய கோட்டை வாயிலின் கற்கள் இன்றும் ஒரு வீதிச் சுவரில் நிற்கின்றன. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்கு நடந்தோம்.

புனித இராயப்பர் பெயரால் விளங்கும் இவ்வாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 1869-இல்தான் நிறைவு பெற்றன. உள்ளே, எதிரெதிரான இரு தூண்களில் கபிரியேல் வானதூதரும் தேவதாயும் நிற்கிறார்கள். மங்கள வார்த்தைக் காட்சி. ஏறத்தாழ 1280-இல் செதுக்கப்பட்ட அத்தூதர் வாய்விட்டுச் சிரிக்கிறார்! நற்செய்தி கொண்டுவந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

நம் பாடகர் குழுத் தங்கையருக்கு ஒரு செய்தி. இப்பேராலயப் பாடகர் பள்ளி 975-இல் தோன்றியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆண் பிள்ளைகளே பயின்ற அப்பள்ளியில் 2022-இல் முதன்முறையாகச் சிறுமியரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பாலத்தருகே புகை மண்டும் சிறு கடையில் இறைச்சிக் குழலும் புளித்த முட்டைக்கோஸும் உண்டோம். மற்றவர்கள் கடைவீதிக்குப் போக, நான் டாகாவ் சதுக்கத்தைத் தேடிச் சென்றேன்.

இரண்டாம் உலகப் போரின் இறுதி நாட்கள். அமெரிக்கப் படை நெருங்கிவிட்டது. நகரைக் கடைசிக் கல் உள்ளவரை காப்போம் என்றார்கள் நாஜித் தலைவர்கள். 1945 ஏப்ரல் 23 அன்று, பெரும்பாலும் பெண்கள், சிலர் குழந்தைகளுடன், இச்சதுக்கத்தில் திரண்டார்கள். போரின்றி நகரை ஒப்படையுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. பேராலயப் பிரசங்கியாரான யோகான் மையர் என்னும் குருவானவர் அவர்களிடையே பேச எழுந்தார். கலகம் செய்ய வரவில்லை, கேட்கவே வந்தோம் என்றார். பேச்சு முடியுமுன்னே அவரைக் கைது செய்தார்கள். அன்றிரவே விசாரணை என்றொரு சடங்கு. மறுநாள் விடியுமுன் அதே சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 38. அவருடன் யோசேப் சிர்க்கல் என்ற முதியவரும் தூக்கிலிடப்பட்டார். மிக்கேல் லோட்னர் என்பவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த நாட்களிலேயே, பின்வாங்கும் ஜெர்மன் படையினர் கற்பாலத்தின் சில வளைவுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பின்னர் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். காலையில் நான் நடந்து வந்த வழி அதுதான்.

ஏப்ரல் 27 அன்று நகரம் போரின்றியே அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலை முழுதும் நாங்கள் வியந்து பார்த்த பழைய வீதிகளைத்தான் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அப்பெண்கள் பலரின் பெயர்களை எந்தக் கல்லிலும் நான் காணவில்லை. குருவானவரின் நினைவுச் சின்னத்தருகே நெடுநேரம் நின்றுவிட்டேன். கப்பலுக்கு ஓடித்தான் சேர வேண்டியதாயிற்று.