கார்டியே: ஆறு எம்.பி.க்களோடு முடிந்த தொகுதி

கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள செயின்ட் லாரன்ஸ் தெருவை ஊர்க்காரர்கள் ‘தி மெயின்’ என்பார்கள். ஒரு காலத்தில் தெருவுக்கு மேற்கே ஆங்கிலம், கிழக்கே பிரெஞ்சு. தெருவை ஒட்டிய பகுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் இத்திஷ் மொழி கேட்டது. ஆயத்த ஆடைப் பட்டறைகளில் தையல் மிஷின் முன் குனிந்து பிழைத்தவர்கள் அவர்களில் ஏராளம்.

இவர்கள் திரளாக வாழ்ந்த கார்டியே நாடாளுமன்றத் தொகுதி, 1925 தேர்தலில் அறிமுகமாகி 1968இல் மறைந்தது. அங்கு வென்ற ஆறு பேருமே யூதர்கள். ஐவர் லிபரல் கட்சியினர். ஆறாமவர் பிரெட் ரோஸ், கம்யூனிஸ்ட்.

போலந்தின் லூப்லின் நகரில் பிறந்த ரோஸ், எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். அவருடைய கட்சிக்கு 1940இல் தடை விழுந்திருந்தது. அதனால் ‘லேபர் புரோகிரசிவ்’ என்ற பெயரில், 1943 ஆகஸ்ட் 9 அன்று நடந்த இடைத்தேர்தலில் நின்றார். நான்குமுனைப் போட்டி. கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த பிரெஞ்சுக் கனடியர்களின் கட்சி ஒரு பக்கம், லிபரல் ஒரு பக்கம். பிற்காலத்தில் புதிய ஜனநாயகக் கட்சிக்கே தலைவரான டேவிட் லூயிஸ் நான்காம் இடத்துக்குப் போனார். ரோஸ் வெறும் 150 வாக்கில் ஜெயித்தார்.

அந்த வாக்குகளைக் காலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்டாலின்கிராடில் ஹிட்லரின் படை சரணடைந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. சோவியத் ஒன்றியம் அப்போது கனடாவின் போர்க்கூட்டாளி. சொந்தபந்தங்களை நாஜிகளின் பிடியில் விட்டுவந்த தொகுதிக்கு இதைவிடப் பெரிய தேர்தல் பிரச்சினை என்ன இருந்திருக்கும்? 1945 பொதுத்தேர்தலிலும் ரோஸையே தேர்ந்தெடுத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஒட்டாவா சோவியத் தூதரகத்தின் சங்கேதக் குமாஸ்தா இகோர் குசென்கோ, நூற்றுக்கும் மேற்பட்ட ரகசிய ஆவணங்களோடு வெளியேறினார். உளவு வலையில் ரோஸின் பெயரும் அடிபட்டது. 1946 மார்ச்சில் கைது. ஆறாண்டுச் சிறைத் தண்டனை. 1947 ஜனவரியில் அவருடைய இடம் காலியானதாக நாடாளுமன்றம் அறிவித்தது. விடுதலையானபின் போலந்து சென்றவரின் கனடியக் குடியுரிமை 1957இல் பறிபோனது. 1983இல் வார்சாவில் இறந்தார்.

ஒரு பிரதிநிதி செய்த குற்றத்தை அவருக்கு வாக்களித்த தையல் தொழிலாளர்களின் தலையில் கட்டுவது அநியாயம். அவர்கள் உளவுக்கு வாக்களிக்கவில்லை, ஹிட்லருக்கு எதிராக வாக்களித்தார்கள். கார்டியே என்றதும் ரோஸ் வழக்கை மட்டுமே சொல்லி முடிப்பவர்கள் கடைசி எம்.பி.யான மில்டன் கிளைனை விட்டுவிடுகிறார்கள். 1964இல் இனப்படுகொலையைத் தூண்டும் பிரசாரத்துக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். மறு ஆண்டு அரசு அமைத்த குழு அந்தப் பிரச்சினையை ஆராய்ந்தது. வெறுப்புப் பிரசாரத் தடைச் சட்டம் 1970இல் நிறைவேறியது. வசதி கூடிய யூதக் குடும்பங்கள் அதற்கு வெகுமுன்பே நகரின் மேற்குப் பகுதிகளுக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தன. சட்டம் வந்தபோது, எல்லை மறுவரையறையில் கார்டியே பக்கத்துத் தொகுதிகளோடு கலந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.