உஷார்! மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஜெபம்

“மாத்திரையைத் தூக்கிப் போடு. கர்த்தர் சுகம் கொடுத்துட்டார்னு விசுவாசி.”

இந்த வார்த்தை உங்கள் வீட்டுக்குள் வந்தால் உடனே உஷாராகிவிடுங்கள். சொல்பவர் எத்தனை வருஷ ஊழியக்காரராக இருந்தாலும் சரி, குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. ஆள் மாறினால் வார்த்தையும் கொஞ்சம் மாறும். “தாயத்து கட்டியாச்சு, இனி மருந்து வேண்டாம்” என்பார் ஒருவர். “ஒரு மண்டலம் விரதம் இரு, டாக்டரை மற” என்பார் இன்னொருவர். எந்த மதத்தின் பெயரால் சொன்னாலும் உடம்புக்குள் நடக்கப்போவது ஒன்றுதான்.

பதற்றம் என்று வருகிறவர்களுக்கு மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள். இவற்றின் பலன் தெரியவே இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நன்றாக ஆன பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்த வேண்டிய நேரம் வரும்போது அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கையை உயர்த்தி “சுகமானேன்” என்று சாட்சி சொல்லிவிட்டு, திங்கட்கிழமை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும்? சில நாட்களில் தலை சுற்றலாம், குமட்டலாம், தூக்கம் கெடலாம். மண்டைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல இருக்கலாம். காரணமில்லாமல் அழுகை வரலாம். மருந்தைத் திடீரென விட்டதால் வரும் தொந்தரவுகள் இவை. கூட்டத்திலோ இதற்கு வேறு பெயர் வைப்பார்கள்: “பிசாசு போராடுகிறான், விடாதே.” இன்னும் சில வாரத்தில் பழைய பதற்றமும் திரும்பி வந்துவிட்டால் அடுத்த தீர்ப்பு தயாராக இருக்கும்: “உன் விசுவாசம் போதவில்லை.”

உங்களை நான் எச்சரிக்க வந்தது இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான். பதற்றத்தோடு வாழ்கிறவருக்குத் தன்மேல் ஏற்கெனவே மதிப்பு கிடையாது. “எல்லாரும் சமாளிக்கிறாங்க, என்னால மட்டும் முடியல” என்று காலையிலிருந்து இரவு வரை தன்னைத் தானே விசாரித்துக்கொண்டிருப்பவர் அவர். வேலையில், வீட்டில், நாலு பேர் கூடும் கல்யாண மண்டபத்தில் எல்லாம் தான் குறைந்தவர் என்று நினைத்து நினைத்து, கடைசியாக ஓர் இடத்திலாவது ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்றுதான் ஆலயத்துக்கு வருகிறார். அங்கேயும் “நீ தேறவில்லை” என்று சொல்லிவிட்டால் அவர் எங்கே போவார்? மனிதர்கள் குறை சொன்னபோது கடவுளிடம் ஓடலாம். குறை சொல்வதே கடவுள் என்று நம்பவைத்துவிட்டால் ஓட இடமில்லை. உயிரை விடலாமா என்ற யோசனை அந்த இடத்தில்தான் தலைகாட்டும். அதனால்தான் இவ்வளவு பதறி எழுதுகிறேன்.

நான் ஜெபத்துக்கு எதிரி இல்லை. எனக்கும் பதற்றம் உண்டு. காலையில் ஜெபம் செய்கிறேன், மாத்திரையும் போடுகிறேன். முழங்காலில் நின்ற நேரத்தில் மனசுக்குள் இறங்கிய அமைதி பொய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். “நீ எதைச் சாதித்தாய் என்பதற்காக உன்னை நேசிக்கவில்லை” என்று ஒரு கடவுள் சொல்வதை நம்புவது, மார்க்கும் சம்பளமும் பார்த்தே மதிப்பு போடும் ஊரில் எவ்வளவு பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலைத் தருவதற்கு இருக்கிற இடத்தையே இன்னொரு பரீட்சை ஹாலாக மாற்றுகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வேதாகமம் படிக்கிறவர்கள் எலியா தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், சாகவிடும் என்று கேட்டவர் அவர். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை; விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. சாப்பாடு கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். எழுப்பி மறுபடியும் சாப்பாடு கொடுத்தான். நம் ஆட்கள் செய்வது அப்படியே தலைகீழ். ஏற்கெனவே தூக்கமில்லாதவரை முழு இரவு ஜெபத்துக்கு இழுக்கிறார்கள். சாப்பாடு இறங்காதவரை மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்டால் பதற்றம் கூடும். வயிறு காய்ந்து சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாக பதற்றம்தான். “பயத்தின் ஆவி வெளிப்படுகிறது” என்று சொல்லித் தலையில் கையை வைத்து இன்னும் சத்தமாக ஜெபிப்பார்கள். அந்த நேரம் அவருக்குத் தேவை ஒரு டம்ளர் பாலும் எட்டு மணி நேரத் தூக்கமும்.

இன்னொரு வகை பதற்றம் பக்தியின் வேஷத்திலேயே வரும். அதில் கூடுதல் உஷார் தேவை. “மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ” என்ற எண்ணம் முள்ளாகத் தைக்கும். அதை எடுக்க ஒரு ஜெபம். சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடி ஒன்று. ஒரு வார்த்தை தப்பினால் முதலிலிருந்து. சாமி படத்தின் முன்னால் ஒரே கும்பிடை மறுபடி மறுபடி போடுகிறவர்களும், தொழுகைக்கு முன் செய்யும் ஒளு சரியாக ஆகவில்லை என்று திரும்பத் திரும்பக் கை கால் கழுவுகிறவர்களும் இதே சிக்கலில்தான் இருக்கிறார்கள். வீட்டார் “எவ்வளவு பக்தி” என்று பெருமைப்படுவார்கள். எண்ணச் சுழற்சி நோயின் ஒரு முகம் இது. சிகிச்சைக்கு நன்றாகவே கேட்கும். இதில் மாட்டியவர்கள் லேசான பக்தர்களும் இல்லை. ‘மோட்சப் பிரயாணம்’ எழுதிய ஜான் பனியன், தான் கிறிஸ்துவையே விற்றுவிட்டதாக ஓர் எண்ணம் தன்னை நெடுங்காலம் வதைத்ததை 1666-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய அந்தப் பயணக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். திருநெல்வேலிப் பக்கம் அந்தக் காவியத்தைப் போற்றுகிற சபைகளிலேயே, அதன் மூல ஆசிரியர் பட்ட பாட்டைப் படுகிற ஒரு பிள்ளையை “விசுவாசமில்லாதவள்” என்று ஒதுக்குகிறோம்.

மருந்தை விலக்கி வைத்த பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தேதி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வேண்டுதலுக்காக அழைத்து வரப்பட்டவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களுக்கு இருந்தது பதற்றத்தைவிடப் பெரிய நோய்கள்தான். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் இதே பேச்சைக் கேட்டுத்தான் வந்தன: இது டாக்டர் சமாச்சாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் இன்று யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் தடுத்துவிட்டது. வார்த்தையால் கட்டுவதை நாம்தான் தடுக்க வேண்டும்.

அதே ஏர்வாடியில் பிறகு, தொழுகைக்கு வருகிறவர்கள் மனநல மருத்துவரையும் பார்த்து மருந்து வாங்கிப் போக அரசு ஏற்பாடு செய்தது. ‘தவா–துவா’ என்று பெயர். மருந்தும் இருக்கட்டும், பிரார்த்தனையும் இருக்கட்டும். யாரையும் தர்காவிலிருந்து விரட்டவில்லை. எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைப் பாருங்கள். ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டரம்மா 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம். ஜெபத்துக்கு அங்கே குறைவில்லை. அதே ஆஸ்பத்திரி பாகாயத்தில் ஒரு மனநல மையத்தை நடத்துகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே வழக்கம். ஜெபமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில் ஒன்றாக வாழ முடியாது என்றால் வேலூரில் இத்தனை வருஷம் நடந்தது என்ன?

வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கியவர்களைப் பற்றிப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கடுமையான மனநோய் உள்ள 31 பேர். சில வாரம் தங்கியதில் நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. “பார்த்தீங்களா, மருந்தே வேண்டாம்” என்று இதைத் தூக்கிக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். அங்கே கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகளும், கூடவே சொந்தக்காரரும், மிரட்டாத சூழலும் இருந்தன. அந்தப் பலனுக்கு அப்படி ஏற்றுக்கொள்ளும் சூழலே காரணமாக இருக்கலாம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். உங்களைக் கூட்டிப்போகிற இடத்தில் அது இருக்கிறதா, அல்லது அதட்டல்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, சிகிச்சை என்றால் என்ன? சோபாவில் படுத்துக்கொண்டு கதை சொல்வது என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பதற்றத்துக்கு நன்றாகப் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்ட பேச்சு சிகிச்சை, அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கியது. பார்த்தால் வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும். ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்வீர்கள். நடந்தது: மேனேஜர் போனை எடுக்கவில்லை. வந்த எண்ணம்: என்னை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார், நான் எதற்கும் லாயக்கில்லை. அதற்கு என்ன ஆதாரம்? அதற்கு எதிராக என்ன ஆதாரம்? போன வாரம் அவரே ஒரு முக்கிய ஃபைலை என்னிடம் கொடுத்தார். அவர் மீட்டிங்கில் இருந்திருக்கலாம். முதலில் செயற்கையாக இருக்கும். வாரக்கணக்கில் எழுத எழுத, ‘நான் லாயக்கில்லை’ என்பது உண்மை அல்ல, அடிக்கடி வந்து போகும் ஓர் எண்ணம் என்பது கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டும் என்று பயந்து பஸ்ஸையே விட்டவரை முதலில் பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கச் சொல்வார்கள். பிறகு ஒரு ஸ்டாப் தூரம், பிறகு ஊர் வரை. படபடப்பு சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும் என்பதை உடம்பு அப்படித்தான் கற்றுக்கொள்ளும். இதில் எந்த இடம் கடவுளுக்கு விரோதம்?

டாக்டரிடம் போக வெட்கப்பட்டு மெடிக்கல் ஷாப்பில் “தூக்கம் வரல அண்ணே, அந்தச் சின்ன மாத்திரை கொடுங்க” என்று வாங்குகிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். பெரும்பாலும் அது அல்பிரசோலமாகவோ குளோனாசெபாமாகவோ இருக்கும். அல்பிரசோலம் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் எச்1 எச்சரிக்கை இருக்கும். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, எழுதிய டாக்டர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். காரணம், இந்த வகை மாத்திரை சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். பிறகு திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஒருவர் சொல்லக் கேட்டுத் தொடங்காதீர்கள், ஒருவர் சொல்லக் கேட்டு நிறுத்தாதீர்கள்.

“கவுன்சிலர்” என்று போர்டு மாட்டியவரெல்லாம் படித்தவர் அல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. முதல் தடவை நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போதகர்களுக்கும் பூசாரிகளுக்கும் இமாம்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஒரு வார்த்தைக்கு டாக்டரின் பத்துச் சீட்டைவிட எடை அதிகம். “மாத்திரை போட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வையுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது ஏற்கெனவே இப்படி மாத்திரையை நிறுத்தியிருந்தால் அவரைத் திட்டாதீர்கள். நீங்களாகவே பழைய அளவை மறுபடி கொடுக்கவும் வேண்டாம். நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் குறித்துக்கொண்டு, சீட்டு எழுதிய டாக்டரை நாளைக் காலையிலேயே கூப்பிடுங்கள். வலிப்பு வந்தாலோ ஆள் குழம்பிப் பேசினாலோ காத்திருக்காமல் 108. சாக வேண்டும்போல இருக்கிறது என்று அவர் சொன்னால் தனியாக விடாமல் கூடவே உட்கார்ந்துகொண்டு 14416-க்குப் போன் போடுங்கள். அது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது, ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. துணைக்கு ஆள் இல்லை என்றால் ஜெபக்கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரையே கூப்பிடுங்கள், வருவார்.