பிஸ்டன் தலையில் ஒரு குழி

டீசல் பஸ் இன்ஜினை சிஎன்ஜிக்கு மாற்றும்போது இன்ஜெக்டர் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வருகிறது. 17 அளவில் இருந்த அழுத்த விகிதத்தை 11, 12க்கு இறக்க பிஸ்டன் தலையையும் கூடுதலாகக் குடைகிறார்கள். எவ்வளவு குடைவது என்பதில் காட்டும் கவனத்தை எப்படிக் குடைவது என்பதிலும் காட்டாவிட்டால் கேஸ் வீண்தான். காரணம் மீத்தேனின் சுபாவம். அதன் ஆக்டேன் எண் 120ஐத் தொடும். அழுத்தினாலும் லேசில் ‘நாக்’ அடிக்காது. ஆனால் எரிவதில் ஆமை. சாதாரண அழுத்தத்தில், அசையாத கலவையில், சுடர் நொடிக்குச் சுமார் 40 செ.மீ. வீதம்தான் தின்று முன்னேறும். எரிந்த வாயு விரிந்து சுடரைத் தள்ளுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 மீட்டர். நடுவில் வைத்த தீ 6 செ.மீ. தள்ளியிருக்கும் சுவரைத் தொட 20 மில்லிநொடி ஆகும். 1500 ஆர்பிஎம்மில் அதற்குள் பிஸ்டன் உச்சியிலிருந்து அடிக்கே இறங்கிவிடும்.

பொறியை முன்கூட்டியே வைத்தால் போயிற்று என்று தோன்றும். ஓரளவு அதைத்தான் செய்கிறார்கள். ரொம்பவும் முந்தினால், மேலேறும் பிஸ்டன் தன் தீயோடு தானே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே தீயைத்தான் விரட்ட வேண்டும். அதற்குக் கலவை கொந்தளிக்க வேண்டும். குழியின் வாயைக் குறுக்கி, சுற்றிலும் அகலமான விளிம்பு விட்டால், பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே நசுங்கும் கலவை, முறுக்கு அச்சில் மாவு பிதுங்குவதுபோலக் குழிக்குள் பாயும். மெக்கானிக்குகள் இதை ‘ஸ்குவிஷ்’ என்பார்கள். 1990களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு வால்வோ இன்ஜினில் குழி வடிவங்களை மட்டும் மாற்றி மாற்றி அளந்தபோது, எரியும் வேகம் குழிக்குக் குழி வெகுவாக மாறியது.

அப்படியானால் கொந்தளிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமே? கூடாது. சுழலும் சூடான வாயு சுவரை உரசி, பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தைக் கூலன்ட்டுக்குக் கொடுத்துவிடும். வேகத்தில் கிடைத்த லாபம் அங்கே கரையும். இன்னொரு கசிவும் உண்டு. மேல் ரிங்குக்கு மேலே, பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே உள்ள நூலிழை இடுக்கில் சுடர் நுழையாது. அங்கே ஒளிந்த மீத்தேன் எரியாமலே சைலன்ஸர் வழியே போகும். 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் சூடேற்றும். டீசலில் இந்த இடுக்கு பெரிய பிரச்சினையில்லை, அங்கே அழுத்தும்போது வெறும் காற்றுதான் நுழைகிறது. டீசல் பிஸ்டனை அப்படியே கடன் வாங்குவது தவறு என்பதற்கு எனக்கு இதுவே போதும். மின் நிலையங்களின் ராட்சத கேஸ் இன்ஜின்களில் தனியாக ஒரு குட்டி அறையில் தீ மூட்டி, அதன் துளைகள் வழியே நெருப்புத் தாரைகளைப் பெரிய அறைக்குள் பீய்ச்சுகிறார்கள். அதனால் மிக மெலிந்த கலவையும் சீராக எரிகிறது. பஸ்ஸுக்கு அது கட்டுப்படியாவது கடினம்: குட்டி அறைக்குத் தனி கேஸ் குழாய், தனி வால்வு, அதோடு ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஏறி இறங்கும் சுமை.