பழைய கட்டடங்களில் சரியும் தளங்கள்

குடியிருக்கும் வீட்டின் தளம் ஒரு பக்கமாகச் சரிவதைக் காணும் குடும்பத்தார் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. சரிவு என்றோ நின்றுவிட்டதா, இன்னும் தொடர்கிறதா என்பது ஒன்று. பழுது பார்க்கும் செலவை ஏற்பவர் யார் என்பது மற்றொன்று. முன்னது பொறியியல் சார்ந்தது. பின்னது பொருளியல் சார்ந்தது. மும்பை மாநகரின் பழைய வாடகைக் கட்டடங்களில் இவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளன.

இக்கட்டடங்களில் பல, மரத்தூண்களும் உத்தரங்களும் தாங்கி நிற்க, இடைவெளிகளைச் செங்கல்லால் அடைத்துக் கட்டப்பட்டவை. மேல்தளங்களைத் தாங்கும் மரச் சட்டங்களின் முனைகள் சுவருக்குள் பதிந்திருக்கும். பருவமழையின் ஈரமும், கழிப்பறைக் குழாய்களின் கசிவும் அம்முனைகளை உளுக்கச் செய்கின்றன; கறையான் எஞ்சியதை அரிக்கிறது. அப்போது தளம் சுவரை நோக்கிச் சரியும். அறையின் நடுப்பகுதி மட்டும் தாழ்ந்திருப்பின், நெடுங்காலப் பாரத்தால் மரம் வளைந்திருக்கக்கூடும். சுவரும் கதவு நிலைகளும் சேர்ந்து சாய்ந்திருப்பின், அடித்தளம் சமமின்றி அமிழ்ந்துள்ளதா என ஆராய வேண்டும்.

சரிவை அளப்பது எளிது. நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயைக் கொண்டு அறையின் மூலைகளை மட்டம் பார்த்துக் குறித்துக் கொள்ளலாம். அடித்தளம் சமமின்றி அமிழ்வதைப் பொறுத்தவரை, அடுத்தடுத்த தூண்களுக்கிடையே 300-க்கு 1 என்ற அளவை வேறுபாடு எட்டினால் தடுப்புச் சுவர்களில் விரிசல் காணலாம் என்றும், 150-க்கு 1 ஆனால் கட்டுமானத்திற்கே ஊறு நேரலாம் என்றும் பொறியாளர் கருதுவர். 3 மீட்டர் இடைவெளியில் இவை முறையே 1 செ.மீ., 2 செ.மீ. ஆகும்.

ஆயினும் ஒருமுறை எடுத்த அளவு போதாது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் பதித்துத் தேதியிட்டு வைப்பது நெடுநாள் வழக்கம். கண்ணாடி உடைந்தால் அசைவு தொடர்கிறது என்று பொருள். நன்கு மூடிய கதவு திடீரென இறுகுதல், சாந்து உதிர்தல், மரம் முறியும் ஓசை ஆகியன தோன்றினால் ஆய்வுக்குக் காத்திராமல் அனைவரும் வெளியேறி, மாநகராட்சிக்குத் தெரிவிப்பதே முறை.

சரிவை மறைக்கத் தளத்தின் மீது கான்கிரீட் பரப்பி மட்டப்படுத்துவது தவறான வழக்கம். 5 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 கிலோ பாரத்தை, நலிந்த சட்டங்களின் மேல் ஏற்றிவிடும்.

இனி, செலவைப் பற்றிக் காண்போம். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்றிருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டது. குடியிருப்போருக்கு அது பெரும் பாதுகாப்பாயிற்று. ஆனால் விலைவாசி உயர, வாடகை வருவாய் பழுதுபார்க்கவும் போதாததாயிற்று. உரிமையாளர் கைவிட்டார், தமக்குச் சொந்தமல்லாத கட்டடத்தில் முதலிடக் குடியிருப்போர் தயங்கினர். இடிந்து விழும் கட்டடங்கள் பெருகவே, 1969-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, சிறப்பு வரி திரட்டிப் பழுதுபார்க்கும் வாரியம் அமைந்தது. அப்போது அதன் பொறுப்பில் வந்த கட்டடங்கள் 19,642. அவற்றுள் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முற்பட்டவை. பின்னர் மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையத்தின் அங்கமாகிய இவ்வாரியம், ஆண்டுதோறும் மழைக்கு முன் மிகவும் ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது.

பட்டியலில் இடம்பெற்றும் பலர் வெளியேற மறுப்பது அறியாமையால் அன்று. வீட்டை விட்டால் உரிமையும் போய்விடுமோ, இடைக்கால முகாமிலேயே ஆயுள் கழியுமோ என்னும் அச்சமே காரணம். ஆகவே ஆபத்தை அறிவிக்கும் அலுவலர், திரும்பி வரும் உரிமையை எழுத்து வடிவில், காலவரையுடன் உறுதி செய்தல் இன்றியமையாதது. கசியும் குழாயை உரிய காலத்தில் மாற்றும் செலவு சிறிது; மாற்றாமையின் விலையை உயிர்களால் செலுத்த நேரிடும். இவ்வுண்மையை உணர்ந்து, பராமரிப்பையும் வளர்ச்சிச் செலவாகவே கருதுதல் வேண்டும்.