கணினிக் கல்வியில் பெண்கள்: ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

கணினி விஞ்ஞான வகுப்புகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு, அவர்களுக்கு அத்துறையில் இயல்பான நாட்டமில்லை என்பதே காரணமெனக் கூறுவோர் பலர். இக்கூற்றை அமெரிக்காவின் புள்ளிவிபரங்களே மறுதலிக்கின்றன. 1980களின் நடுப்பகுதியில் அங்கு இத்துறையில் இளமாணிப் பட்டம் பெற்றோரில் சுமார் 37 சதவீதத்தினர் பெண்கள். 2010 அளவில் இது சுமார் 18 சதவீதமாக வீழ்ச்சியடைந்திருந்தது. பெண்களின் இயல்பு கால் நூற்றாண்டில் மாறிவிடுவதில்லை. மாறியது எது என்பதை அறிய, ஆய்வாளர் வகுப்பறைக்குள் சென்று, மாணவருடன் பழகி, அவர்கள் சொல்வதைச் செவிமடுக்க வேண்டியுள்ளது. இனவரைவியல் ஆய்வு எனப்படுவது இதுவே.

இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது, பிற்ஸ்பேர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995 இல் ஆரம்பிக்கப்பட்ட ஆய்வாகும். சமூக விஞ்ஞானி ஜேன் மார்கோலிஸும் அப்பல்கலைக்கழகத்தின் கணினித்துறைப் பேராசிரியர் அலன் பிஷரும் நான்காண்டு காலம் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ, மாணவியரைப் பல தடவைகள் நேர்கண்டனர். வீட்டுக் கணினி பெரும்பாலும் மகனின் அறையிலேயே வைக்கப்பட்டிருந்தமையும், முன்னனுபவத்துடன் வந்த மாணவரைக் கண்டு திறமை வாய்ந்த மாணவியரும் தம்மீது நம்பிக்கை இழந்தமையும் இதில் வெளிப்பட்டன. அனுமதியின்போது முன்னனுபவத்துக்கு அளிக்கப்பட்ட முக்கியத்துவம் குறைக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்தோரில் 1995 இல் 7 சதவீதமாகவிருந்த பெண்களின் பங்கு 2000 இல் 42 சதவீதமாக உயர்ந்தது.

எனினும், இத்தகைய ஆய்வு இலகுவானதன்று. வகுப்பில் ஒருசில பெண்களே உள்ளவிடத்து, பெயரை மறைத்தாலும் கூற்றைக் கொண்டே பேசியவர் யாரென அறிந்துவிடலாம். அடையாளம் தரும் விபரங்களை நீக்கினாலோ சான்றின் வலு குன்றுகின்றது. மேலும், கற்பிப்போரே கேள்வி கேட்பவராகவும் இருப்பின் மாணவர் மனந்திறந்து பேசுவரா என்ற ஐயமும் எழுகின்றது. இடைநடுவில் விலகிச் சென்றோரின் குரலைப் பதிவு செய்வது இன்னும் கடினம்.

இவற்றிலும் பாரதூரமான சிக்கல், கேட்டதற்குப் பொருள் கொள்வதிலேயே உள்ளது. கணினியை மருத்துவம் போன்ற வேறு பயன்பாடுகளுடன் இணைத்துக் கற்கவே தாம் விரும்புவதாக மாணவியர் பலர் மார்கோலிஸ், பிஷர் ஆகியோரிடம் கூறினர். பெண்களுக்கேற்ற பாடத்திட்டம் தேவையென்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் பெண்களின் தொகை உயர்ந்த பின்னர் மாணவரை ஆராய்ந்த லெனோர் புளூம், கரோல் பிறீஸ் ஆகியோர், இருபாலாரின் மனப்பாங்குகளும் பெரிதும் நெருங்கியிருந்ததை 2005 இல் எடுத்துக்காட்டினர். பெண்களுக்கென அங்கு பாடத்திட்டம் மாற்றப்படவில்லை என்பதையும் அவர்கள் வலியுறுத்தினர். முன்னர் பெண்மையின் இயல்பாகத் தோன்றியவற்றுட் பல, சிறுபான்மையாக இருந்ததன் விளைவுகளே என்பது இதனாற் புலனாகின்றது.

மலேசியாவின் நிலை மேலும் சிந்திக்க வைக்கின்றது. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்து, விவியன் லாகெசன் 2008 இலும் உல்ப் மெல்ஸ்ட்ரோம் 2009 இலும் தமது கட்டுரைகளை வெளியிட்டனர். கணினித் துறையில் மாணவியர் பெருமளவில் இருந்ததை அவர்கள் கண்டனர். அம்மாணவியருள் மலாய் முஸ்லிம் பெண்களும் அடங்குவர். வெயிலிலும் வெளியிடங்களிலும் அலையாது அலுவலகத்தினுள் செய்யத்தக்க பாதுகாப்பான தொழிலென்பதால், இது பெண்களுக்குப் பொருத்தமானதென அங்கு கருதப்பட்டது. அமெரிக்காவில் ஆண்களுக்குரியதெனக் கொள்ளப்பட்ட அதே துறைதான் இது.

ஆகவே, ஓரிடத்து வகுப்பறையிற் பெற்ற விளக்கத்தைப் பெண்குலம் முழுவதற்குமான விதியாகக் கொள்வது தவறாகும். எமது கல்வியாளர்களும் பிற்ஸ்பேர்க்கின் முடிவுகளையோ மலேசியாவின் முடிவுகளையோ அப்படியே இரவல் பெறலாகாது. எமது மாணவியரிடமே சென்று கேட்டறிதல் வேண்டும். மகளுக்கு எத்துறை பொருந்துமெனத் தீர்மானிக்கும் தமிழ், முஸ்லிம் பெற்றோரும், இயல்பு எனத் தாம் கருதுவது வெறும் வழக்கம்தானா எனச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்றென்பதே எமது கருத்தாகும்.