அந்தமான் டூர்: ‘எல்லாம் சேர்த்து’ என்றால் எதெல்லாம் சேர்த்து?



கையில் கொஞ்சம் போனஸ், வருடக் கடைசி லீவு. சென்னையிலிருந்து ஃபிளைட் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வந்துடும். டிக்கெட்டை நாலு ஆப்பில் ஒப்பிட்டு 400 ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம். ஆனா அங்கே சுத்திப் பார்க்கிற டூருக்கு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போஸ்டரைப் பார்த்து மொத்தப் பணத்தையும் அனுப்பிடுறோம்.

நானும் அப்படித்தான் அனுப்பினேன். சி.ஏ. முடிச்சு முதல் வேலையில் சேர்ந்த வருடம். கடல் சரியில்லைன்னு ஹேவ்லாக் படகு ரத்தாச்சு. “இயற்கை சார், நாங்க என்ன பண்ண முடியும்? ரீஃபண்ட் கிடையாது”ன்னு ஏஜென்ட் சொல்லிட்டார். 9,000 ரூபாய் போச்சு. கையில் பில்லும் இல்லை, நிபந்தனை எழுதின ஒரு காகிதமும் இல்லை. ஊரார் கணக்கை வரி வரியாகப் படிக்கிற நான், என் சொந்தச் செலவைப் படிக்கவில்லை. நீங்க படிங்க.

1. கைடு எங்கே தேவை?

எல்லா இடத்துக்கும் டூர் வாங்க வேண்டாம். ராதாநகர் பீச்சுக்கு கைடு எதுக்கு? ஆட்டோ போதும். ராஸ் தீவு, நார்த் பே போக, போர்ட் பிளேர் படகுத்துறையிலேயே டிக்கெட் வாங்கலாம்.

செல்லுலார் ஜெயில் வேறு கதை. ஏழு சிறகுகளில் இன்று மிச்சம் மூன்றுதான். விவரம் தெரிந்தவர் சொன்னால்தான் அந்தச் சுவர்களுக்கு அர்த்தம் வரும். அங்கே கைடுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. போர்ட் பிளேரில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. தமிழ் கைடு கிடைப்பாரான்னு கேட்டுப் பாருங்க.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கும் டூர் எடுப்பது வசதி. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாக, கான்வாயில்தான் வண்டிகள் போக முடியும். ஒரு எச்சரிக்கை: “வழியில் ஜாரவாக்களைக் காட்டுறோம்”னு ஒருவர் ஆசை காட்டினால், அந்த டூரே வேண்டாம். அவர்களைப் படம் எடுப்பதும், நெருங்குவதும் சட்டப்படி குற்றம். ஜெயில் வரை போகலாம். அதைவிட முக்கியம், அவர்கள் காட்சிப்பொருள் இல்லை.

2. போஸ்டர் விலை வேறு, கடைசிச் செலவு வேறு

எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒருவருக்கு, ஒரு நாள் டூர்:

ஏஜென்ட் ‘அ’: ரூ. 2,400. இதோடு 5% ஜிஎஸ்டி ரூ. 120, ஸ்நார்க்கலிங் ரூ. 800, சாப்பாடு ரூ. 300, ஹோட்டல் பிக்அப் ரூ. 250. மொத்தம் ரூ. 3,870.

ஏஜென்ட் ‘ஆ’: எல்லாம் சேர்த்து ரூ. 3,300.

போஸ்டரில் 900 ரூபாய் மலிவாகத் தெரிந்தது, உண்மையில் 570 ரூபாய் அதிகம். ரெண்டு பேர் போனால் ரூ. 1,140.

3. நேரமும் பணம்தான்

அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கு, ஆனா கடிகாரம் அதே இந்திய நேரம். டிசம்பரில் சாயங்காலம் 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைஞ்சிடும். 11 மணிக்குக் கிளம்பும் ‘முழு நாள்’ டூர் பாதி நாள் டூர்தான். பாராடாங்குக்கோ, முதல் கான்வாயைப் பிடிக்க விடிகாலை 3, 4 மணிக்கே கிளம்பணும். நாளின் பெரும்பகுதி பயணத்திலேயே போகும். அதனால “எத்தனை இடம்?”னு கேட்காதீங்க. “ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம்?”னு கேளுங்க.

4. படகு ரத்தானால்?

நான் கோட்டை விட்டது இங்கேதான். படகு நிறுவனமே ரத்து செய்தால் டிக்கெட் பணம் பொதுவாகத் திரும்ப வரும். ஆனா அது ஏஜென்ட்டோடு நின்னுடக் கூடாது இல்லையா? படகு டிக்கெட்டை உங்கள் பெயரில், முடிந்தால் நீங்களே புக் பண்ணுங்க. டூருக்கு ஒரு பகுதியை மட்டும் அட்வான்ஸாகக் கொடுங்க. ஊர் திரும்பும் ஃபிளைட்டுக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துடுங்க. கடைசி நாள் படகு ரத்தானால், டூர் பணத்தோடு ஃபிளைட் டிக்கெட்டும் சேர்ந்து போகும்.

5. எல்டிஏ இருக்கா?

பழைய வரி முறையில் இருக்கீங்க, சம்பளத்தில் எல்டிஏவும் வருதுன்னா, பயணக் கட்டணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஹோட்டல், சாப்பாடு, சுற்றிப் பார்க்கும் டூர் எதுவும் இதில் வராது. எல்லாத்தையும் ஒரே தொகையாகப் போட்ட பேக்கேஜ் பில்லை வைத்து இதைப் பிரித்துக் காட்டுவது சிரமம். அதனால ஃபிளைட்டைத் தனியாக புக் பண்ணி, டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமா வைங்க. புதிய வரி முறையில் இந்த விலக்கு இல்லை.

பணம் அனுப்பும் முன் இந்த மெசேஜை அப்படியே ஏஜென்ட்டுக்கு அனுப்புங்க:

“ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு? எதெல்லாம் சேராது? கிளம்பும் நேரம், ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் நேரம் என்ன? வானிலையால் ரத்தானால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்ப வரும்? பில் தருவீங்களா?”

எழுத்தில் பதில் வந்தால் பேசலாம். “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்”னு வந்தால், அடுத்த ஏஜென்ட்டைப் பாருங்க. அந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை 9,000 ரூபாய்.

நல்லபடியா போயிட்டு வாங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!