பிரேக்கு மிதியின் துடிப்பு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் மலைச்சாலையில், காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் நாள்தோறும் வருகின்றன. இறக்கம் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும், வளைவுகளோ பல. இத்தகைய சாலையில் ஓட்டுநரின் உயிரும், எதிரே வருவோரின் உயிரும், வண்டியிலுள்ள உழவரின் உழைப்பும் அவர் வலக்காலின் கீழுள்ள ஒரு சிறு மிதியையே நம்பியிருக்கின்றன. அம்மிதி ஒருநாள் நாடிபோலத் துடிக்கத் தொடங்கினால் அவர் செய்யத்தக்கது யாது?

அதனை அறிய, பிரேக்கு இயங்கும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன் சக்கரங்களுக்கு வார்ப்பிரும்பாலான வட்டுகளும், பின் சக்கரங்களுக்கு டிரம்களும் அமைந்துள்ளன. வட்டுப் பிரேக்கு நேற்று வந்ததன்று; பிரெடரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். வட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதன் இருபுறமும் 'பேடு' எனப்படும் உராய்வுக் கட்டைகள் நிற்கும். மிதியை அழுத்தியதும், குழாய்களில் நிறைந்துள்ள பிரேக்கு ஆயில் அவ்வழுத்தத்தைக் கொண்டுசென்று பிஸ்டனைத் தள்ளும். பேடுகள் வட்டை இறுகப் பற்றும். ஆயில் எளிதில் சுருங்காத நீர்மமாதலின், காலின் கட்டளையைச் சக்கரத்திற்கு எடுத்துச் செல்வது போலவே, சக்கரத்தின் குறையையும் காலுக்குக் கொண்டுவந்து உரைக்கின்றது.

வட்டு எங்கணும் ஒரே கனமாய் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போயின், தடித்த இடம் வருந்தோறும் பேடுகள் விலகும், பிஸ்டன் பின்னடையும், ஆயில் திரும்பும், மிதி எழும். மெலிந்த இடம் வருங்கால் மிதி தாழும். இவ்வேறுபாடு 0.02 மில்லிமீட்டர் அளவினதாயினும் துடிப்பை உண்டாக்கிவிடும். தலைமயிரின் கனத்தினும் குறைந்த இதனைக் கண் காணாது, கால் கண்டுவிடும்.

துடிப்பெல்லாம் நோயன்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் 'ஏபிஎஸ்' அமைப்புடைய வண்டியில், வழுக்கும் சாலையில் விரைந்து மிதித்தால் மிதி படபடவென்று அதிரும். அஃது அவ்வமைப்பு தன் கடமையைச் செய்வதன் அடையாளம். அஞ்சி அங்கே காலை எடுத்துவிடுதல் பெரும்பிழை. உலர்ந்த சாலையில் மெல்ல மிதிக்கும்போதும் துடிப்பு இருந்து, வேகம் குறையக் குறைய அத்துடிப்பும் மெதுவாகுமாயின், அதுவே நோய். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை சுழலும். 30 கிலோமீட்டரில் 4 முறை. துடிப்பு இக்கணக்கைப் பின்பற்றுமேல், குறை சுழலும் உறுப்பில் உள்ளது என்பது தெளிவு.

எந்தச் சக்கரத்தில்? ஸ்டியரிங்கும் உடன் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரத்தில். இருக்கையில் அதிர்வு தோன்றினால் பின் சக்கரத்தை ஐயுறலாம். ஆள்நடமாட்டமற்ற சமதரையில் மெதுவாகச் செல்லும்போது, பின் சக்கரங்களை மட்டும் பற்றும் கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்தால், டிரம் வட்டம் கெட்டிருப்பின் அத்துடிப்பு அப்போதும் வெளிப்படும்.

இனி, பட்டறையில் நிகழ்வது. "வட்டு சூட்டில் கோணிவிட்டது, புதிது போடவேண்டும்" என்று அங்கே சொல்வது வழக்கம். புதிய வட்டு பொருத்துவர், துடிப்பும் நிற்கும், ஓட்டுநர் மகிழ்ந்து செல்வார். சில ஆயிரம் கிலோமீட்டர் கடந்ததும் துடிப்பு மீண்டும் வரும்! செலவிட்ட பணம் வீணே. காரணம் வட்டில் மட்டுமே இருந்ததன்று. வட்டு அமர்ந்திருக்கும் ஹப்பின் முகத்திலும் இருந்தது. அம்முகத்தில் ஒட்டிய ஒரு துணுக்குத் துரு, வட்டைச் சற்றே சாய்த்து அமரச் செய்கின்றது. அச்சாய்வு விளிம்பில் இன்னும் பெரிதாகின்றது. சாய்ந்த வட்டு, மிதியைத் தொடாத வேளையிலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசும். நாளடைவில் அவ்விடம் தேயும். ஆகவே துருவோடு பொருத்திய நாளில் துடிப்பு இராது. திங்கள் சில சென்ற பின்னரே தோன்றும். பஞ்சர் ஒட்டிய கடையில் சக்கர நட்டுகளை ஒன்றை மிக இறுக்கியும் ஒன்றைத் தளர்த்தியும் விட்டாலும் இதுவே விளையும். நெடுநாட்களுக்கு முன் நேர்ந்த பஞ்சரை யார் நினைவில் வைத்திருப்பர்? நோய் வெளிப்படும்போது அதன் காரணம் மறந்துபோயிருக்கும். வேறு காரணங்களும் உண்டு. நீண்ட இறக்கத்தில் பழுக்கக் காய்ந்த வட்டை, வண்டி நின்றபின்னும் பேடுகளால் இறுகப் பிடித்திருந்தால், பேட்டின் பொருள் அவ்விடத்தே திட்டாகப் படியும். துடிப்பு அதனாலும் வரும்.

அறிந்த மெக்கானிக் முதலில் அளப்பார். சக்கரத்தைக் கழற்றி, வீல் பேரிங்கில் ஆட்டம் உண்டா என்று பார்த்து, வட்டின் கனத்தை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் 8 இடங்களில் அளப்பார். டயல் கேஜை வைத்து வட்டைச் சுழற்றிச் சாய்வையும் காண்பார். கனம் மாறுபட்டிருப்பின் கடைந்து சமன்செய்யலாம். கடைந்தபின் வட்டின் மேல் பொறித்துள்ள குறைந்த கனத்தினும் மெலியுமாயின் மாற்றியே ஆகவேண்டும். எவ்வாறாயினும் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்த பின்னரே வட்டைப் பொருத்துவார். மீண்டும் சாய்வை அளப்பார். காலிப்பரின் நழுவு ஊசிகள் தடையின்றி நகர்கின்றனவா என்பதையும் நோக்குவார். நட்டுகளை அடுத்தடுத்து முடுக்காமல், ஒன்றுவிட்டு எதிரெதிராக, முறுக்களவு காட்டும் ஸ்பானரால், வண்டியின் கையேடு கூறும் அளவுக்கு முடுக்குவார். கம்பித் தூரிகைக்கும் இப்பொறுமைக்கும் ஆகும் காலம் அரைமணி நேரத்திற்கு மேற்படாது.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது காலுக்குக் கெட்டியாகும்வரை காத்தல் இன்றியமையாதது. பேடுகளை மாற்றும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்குமாதலின், முதல் மிதிக்குப் பிரேக்கு பிடிக்காது. அதன்பின் ஓட்டுநர் சமதரையில் சில கிலோமீட்டர் ஓட்டி, மிதமாகப் பலமுறை வேகத்தைக் குறைத்துப் புதிய பேடுகளை வட்டோடு படியச் செய்வார். நட்டுகளை மறுமுறை சரிபார்த்துவிட்டு, மறுநாள் விடியலில் கோத்தகிரிக்கு ஏறுவார். சுமையேற்றித் திரும்புங்கால் இறக்கத்தைத் தாழ்ந்த கியரிலேயே கடப்பார்.